முடிவிலி வெளிக்கு ஓர் ஆரம்பநூல்

2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் இருபத்தோராந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சோளகக் காற்று தளர்ந்துவிட்டது; வாடைக்காற்று இன்னும் புறப்படவில்லை. தெல்லிப்பழையின் மேலே வானத்தில் ஒரு முகிலும் இல்லை. கீழே ஓர் இலையும் அசையவில்லை. புழுக்கம் பூரணமாக இருந்தது.

அன்று காலை, ஓய்வுபெற்ற படவரைஞரும் வெளிவாரிக் கணிதப் பட்டதாரியுமாகிய திரு. இராசநாயகம், ஒரேயொரு சொல்லின் முன்னால் நாலாவது கிழமையாக அமர்ந்திருந்தார். அச்சொல் ஆங்கிலப் பாடநூலொன்றின் முதலாம் பக்கத்தில் இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி. அது அவருக்கு விளங்கிற்று. அதற்குக் கீழே ஒரு வரி. அதுவும் ஓரளவு விளங்கிற்று. மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு எவ்வாறு இறங்குவது என்பதற்கு நூலாசிரியர் அமைத்திருந்த ஒரே பாலம், 'தெளிவாக' என்ற அந்தச் சொல்தான்.

"இஞ்சருங்கோ, இன்னும் அந்தப் பக்கமே?" என்று அவருடைய மனைவி பத்மாவதி குசினியிலிருந்து கேட்டார்.

"பக்கம் ஒண்டுதான். ஆனால் அதுக்குள்ளை முடிவிலி இருக்குது."

"முடிவிலி இருக்கட்டும். கிணத்தடியிலை மோட்டர் ஓடிக்கொண்டிருக்குது. தாங்கி நிரம்பி வழியிறது தெளிவாத் தெரியுது எனக்கு."

இராசநாயகம் எழுந்து போய் மோட்டரை நிறுத்திவிட்டு வந்து, மீண்டும் அதே சொல்லின் முன்னால் அமர்ந்தார்.

இவ்விடத்தில் வாசகருக்குச் சில அடிப்படைகளைத் தருதல் அவசியமாகும். திரு. இராசநாயகம் தமது உத்தியோக காலம் முழுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் படங்களை வரைந்தவர். ஓய்வுபெற்றபின், தம் வயதொத்தவர்கள் பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைபேசியில் காட்டித் திரிந்தபோது, இவர் பரீட்சை மண்டபத்தில் இளவட்டங்களின் நடுவே அமர்ந்து கணிதத்தில் வெளிவாரிப் பட்டம் பெற்றார். வாயிற்கதவின் பெயர்ப்பலகையில் அந்தப் பட்டம் அவருடைய பெயரைக் காட்டிலும் பெரிய எழுத்தில் இருக்கும். பலகையை எழுதியவர் அவரேதான். அளவிடை பற்றி அவருக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடந்த ஆடி மாதம் அவர் ஒரு பொது விரிவுரைக்குப் போனார். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆரணி, முப்பதைத் தாண்டாத பெண், குடாநாட்டின் படமொன்றை மண்டபத்து நிலத்தில் விரித்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் படத்தைக் குடாநாட்டுக்குள்ளை எங்கை வேணுமெண்டாலும் விரியுங்கோ. எந்தப் பக்கம் திருப்பியும் விரியுங்கோ. கசக்கியும் போடுங்கோ. படத்திலை உள்ள ஒரேயொரு புள்ளி, தான் குறிக்கிற இடத்துக்கு நேர் மேலேயே கிடக்கும். ஒண்டு கட்டாயம் இருக்கும். ரெண்டு இராது."

இராசநாயகத்துக்கு மேனி சிலிர்த்தது. கந்தோர் மேசையில் அவர் படம் விரித்த ஒவ்வொரு நாளும், அவருடைய முழங்கைக்கு அருகே எங்கோ, ஒரு புள்ளி தன் சொந்த ஊரின் மேலேயே குந்தியிருந்திருக்கிறது. அவர் அதை ஒருநாளும் கண்டதில்லை. அதற்கு ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

விரிவுரை முடிந்ததும் அவர் ஆரணியிடம் போனார்.

"பிள்ளை, உதை நிறுவலாமோ?"

"ஓம் ஐயா. சார்புப் பகுப்பாய்வு எண்ட பாடத்தின்ரை வாசற்படி உது. உள்ளுக்குப் போனால் ஒரு முழு வளைகோடே ஒரு புள்ளியாயிடும். அப்பிடியான புள்ளிகளாலை ஆன வெளிக்குப் பரிமாணம் முடிவில்லை."

"முழு வளைகோடுமோ? நான் வரைஞ்ச கரையோரம் முழுக்கவுமோ?"

"முழுக்க, ஐயா. உங்கடை கரையோரம் முழுக்க அங்கை ஒரேயொரு புள்ளி."

அன்று திரும்பிவந்த பஸ்ஸில் இருக்கைகள் வெறுமையாக இருந்தன. இராசநாயகம் தெல்லிப்பழை வரையும் நின்றுகொண்டே வந்தார். முடிவிலியின் முன்னால் அமர்ந்துகொண்டு வருவது மரியாதையாகப் படவில்லை.

ஆரணி இரவல் தந்ததே அந்த மெல்லிய நூல். முகவுரையில், 'முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. ஓரளவு முதிர்ச்சி போதும்' என்று எழுதியிருந்தது. அறுபத்துநாலு வயதில் முதிர்ச்சிக்குக் குறைவிராது என்று நம்பித்தான் அவர் அதைத் திறந்தார்.

மேற்கூறிய ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்மாவதியின் தமையன் ஆழ்வாப்பிள்ளை மானிப்பாயிலிருந்து வந்தார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பாதித் தீவுப்பற்றுக்கும் முழு வலிகாமத்துக்கும் பெருக்கல் வாய்பாடு அவருடைய பிரம்பாலேயே இறங்கிற்று என்பது அவருடைய கணிப்பு. மெல்லிய நூலை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்தார்.

"உதென்ன மச்சான், கலியாண அழைப்பிதழே?"

"சார்புப் பகுப்பாய்வு. முதல் பக்கத்திலை ஒரு சின்ன இடத்திலை நிண்டிட்டன். விசயதசமியண்டு முறையாத் தொடங்குவம் எண்டு இருக்கிறன்."

விசயதசமியன்று தொடங்கும் படிப்பு தடைப்படாது என்பது ஊர் நம்பிக்கை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அரிசியில் எழுத்துத் தொடக்குவதும் அன்றுதான். ஆழ்வாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

"தொடங்கு. ஆனால் உதிலை தொடங்காதை. படிப்பிக்கிறவைக்கு எழுதின புத்தகம் உது. படிக்கிறவனுக்கு எழுதினதை நான் தாறன்."

மறுநாளே அவர் மண்ணிறக் கடதாசி உறையிட்ட பழைய நூலொன்றோடு திரும்பி வந்தார். நடுத்தரப் பருமன். அச்சு கண்ணுக்கு இதமாக இருந்தது. ஆயின் நாலாம் அத்தியாயத்தின் பிரதான தேற்றத்தில் தரவு இருந்தது, முடிவு இருந்தது, இரண்டுக்கும் இடையில் இராமபாணப் பூச்சி தின்றுபோன பாதை இருந்தது.

"அண்ணை, பூச்சி அரிச்ச புத்தகத்தையே ஒரு மனுசனுக்குக் குடுக்கிறது?" என்றார் பத்மாவதி.

"தங்கச்சி, அரிச்ச இடத்தை உன்ரை மனுசன் தானே நிரப்பட்டும். உதுதான் பயிற்சி. அந்தப் பிள்ளை தந்த புத்தகத்திலை ஆசிரியர் ஓட்டையை விட்டிட்டுத் தெளிவாக எண்டு எழுதியிருக்கிறார். என்ரை பூச்சி அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. நேர்மையான பூச்சி."

பிறகு இராசநாயகத்தின் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான், இதிலைதானே தொடங்கிறாய்?"

மனைவியின் தமையன், வயதில் மூத்தவர், அத்துடன் நூலைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் ஏறி வந்தவர்.

"ஓம் மச்சான்," என்றார் இராசநாயகம்.

இது முதலாவது ஓம்.

பூச்சியின் பாதையை நிரப்ப அவர் மூன்று நாள் முயன்றார். பூச்சி போன வேகத்தில் அவரால் போக முடியவில்லை. எனவே லண்டனில் கணக்காளராக இருக்கும் மகள் சுவர்ணாவிடம் கேட்டார். சுவர்ணா கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பாள். 'சாப்பிட்டியளோ, மழையோ, சரி வைக்கிறன்' என்ற மூன்று கூறுகளாலானது அவளுடைய உரையாடல். அன்றைக்கு மட்டும் அவள் வைக்கவில்லை.

"அப்பா! நான் கம்பஸிலை அதைப் படிச்சனான், பேந்து விட்டிட்டன். அந்தப் புத்தகம் இன்னும் என்னட்டை இருக்குது. பக்கத்து வீட்டு றஞ்சித் அண்ணை இந்தக் கிழமை ஊருக்கு வாறார். குடுத்துவிடுறன்."

நூல் வந்து சேர்ந்தது. அதை நூல் என்பதிலும் ஒரு திண்மம் என்பதே பொருந்தும். பத்மாவதி அதை இரு கைகளாலும் வாங்கி, பிள்ளையை இறக்குவதுபோல மேசையில் இறக்கினார். ஓரங்களிலே சுவர்ணாவின் பென்சில் கோடுகள். ஐந்தாம் அத்தியாயத்தோடு அவை நின்றுவிட்டன. முதலாம் அத்தியாயத்தின் முதலாவது வாக்கியம், 'பயப்படவேண்டாம்' என்று இருந்தது.

இராசநாயகம் நூலை மூடிவிட்டார். வெளிவாரிப் பட்டதாரி ஒருவரிடம் எடுத்த எடுப்பில் சொல்லத்தக்க சொல் அதுவன்று. மேலும், மெல்லிய கடினமான நூலைக் கையில் வைத்திருப்பவனை வாசிகசாலையில் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள். தடித்த இலகுவான நூலை வைத்திருந்தால், பேத்திக்கோ என்று கேட்பார்கள்.

அப்பொழுதுதான் தொலைபேசி அடித்தது. இராசநாயகம் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"வந்திட்டுதோ அப்பா? நான் ஒரு யோசினை வைச்சிருக்கிறன். நீங்கள் அதிலை தொடங்கினால் நானும் உங்களோடை சேர்ந்து விட்ட இடத்தைப் படிக்கிறன். நான் காலமை ரயிலிலை வேலைக்குப் போகேக்கை அங்கை மத்தியானம்தானே? ஒவ்வொரு நாளும் எடுக்கிறன். ஒரு பக்கம், ரெண்டு பக்கம் கதைப்பம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பத்மாவதியின் கை நின்றது. கத்தியோடு கதவடிக்கு வந்தார்.

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் அம்மா. முதல் கணக்கு, பேந்து நீங்கள்."

"என்ன கணக்கெண்டாலும் பரவாயில்லை," என்றார் பத்மாவதி. பிறகு, எதையோ மறந்தவர்போலக் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என்ரையிலைதானே தொடங்கிறியள் அப்பா?"

"ஓம் பிள்ளை," என்றார் இராசநாயகம்.

இது இரண்டாவது ஓம்.

மூன்றாவதை நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. ஆரணி தொலைபேசியில் எடுத்தார். "ஐயா, விசயதசமிக்குத் தொடங்கிறியளாம் எண்டு கேள்விப்பட்டன். என்ரை புத்தகத்திலை ஒருத்தரும் ஏடு தொடக்கினதில்லை, ஐயா. நானும் வந்து பாக்கட்டோ?" என்று கேட்டபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அக்குரலுக்கு ஓம் என்பதைத் தவிர வேறு தீர்வு இல்லை.

ஆகவே தரப்பட்டவை: மூன்று நூல்கள், மூன்று ஓம்கள், ஒரு விசயதசமி. ஒருவன் முதன்முதலாகத் திறக்கக்கூடிய நூல் ஒன்றே. எனவே அன்றைய தினம் இருவர் முன்னிலையில் இராசநாயகம் பொய்யர் ஆவார் என்பது தேற்றம்.

அவர் அதற்கு ஒரு வழி கண்டார். சரஸ்வதி பூசைக்கு வைத்த புத்தகத்தை விசயதசமி வரை தொடக்கூடாது. தொடாத புத்தகத்தைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார். மூன்றையும் அடுக்கினார். பாரம் கருதித் தடித்தது அடியில், பூச்சி தின்றது நடுவில், மெல்லியது உச்சியில். சந்தனம் தொட்டு, பூ வைத்தார். பார்க்கக் கோபுரம்போல இருந்தது.

பூசையன்று மாலை, அவலும் கடலையும் பகிரும் நேரத்தில், ஆழ்வாப்பிள்ளையும் ஆரணியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அதே நேரம் சுவர்ணா வீடியோவில் வந்தாள்.

"அப்பா, அம்மா காட்டினவ. ஏன் என்ரை புத்தகம் அடியிலை கிடக்குது?"

"அத்திவாரம், பிள்ளை," என்று இராசநாயகம் கைபேசிக்குள் மெதுவாகச் சொன்னார்.

"என்ரை உச்சியிலை இருக்குது," என்று ஆரணி வியந்தார்.

"அது சிகரம், பிள்ளை."

ஆழ்வாப்பிள்ளை அவலை மென்று முடித்தார். "அப்ப நடுவிலை கிடக்கிறது?"

"அது... இருதயம், மச்சான்."

"சரி," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "நாளைக்கு நானே வாறன். உன்ரை கையைப் பிடிச்சு இருதயத்திலை முதல் வரியைத் தொடக்கிவிடுறன்."

"சிகரத்திலை எண்டுதானே ஐயா என்னட்டைச் சொன்னவர்?" என்றார் ஆரணி.

"அப்பா?" என்றது கைபேசி.

இராசநாயகம் சரஸ்வதி படத்தைப் பார்த்தார். தேவி வீணையில் கவனமாக இருந்தாள். பட்டச் சான்றிதழை வாங்கிய நாளிலிருந்து நிமிர்ந்தே இருந்த அவருடைய கழுத்து முதன்முறையாகக் குனிந்தது.

"மூண்டு பேரிட்டையும் ஓம் எண்டுதான் சொன்னனான்," என்றார். "ஒருத்தற்றை மனதையும் நோகடிக்க விருப்பமில்லாமல் சொன்னது. இப்ப எதைத் திறக்கிறதெண்டு எனக்கே தெரியேல்லை."

ஆழ்வாப்பிள்ளை கையிலிருந்த கடலையைத் தட்டில் திருப்பிப் போட்டார்.

"பூக்கட்டிப் பாப்பம்," என்றார் பத்மாவதி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவல் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கலியாணம் பேசேக்கை ரெண்டு மனமாயிருந்தால் என்ன செய்யிறனாங்கள்? பூவைக் கடதாசியிலை சுத்திக் கட்டி, சாமிக்கு முன்னாலை வைச்சு, ஒரு பொட்டலத்தை எடுக்கிறேல்லையே? நாளைக்குச் சந்நிதி முருகனிட்டைப் போவம். மூண்டு நிறத்திலை அலரிப்பூ. சுவர்ணான்ரை சிவப்பு, இந்தப் பிள்ளையின்ரை வெள்ளை, அண்ணைன்ரை மஞ்சள். எது வருதோ அது. ஒருத்தரும் ஒருத்தரோடையும் கோவிக்கேலாது."

இராசநாயகம் மலைத்துப்போனார். முடிவிலிப் பரிமாணங்கள் கொண்ட ஒரு சிக்கல், ஒரு பெண் சட்டி துடைத்து முடிப்பதற்குள், மூன்று பூக்களாகச் சுருங்கிவிட்டது.

"மூண்டுக்கும் சம வாய்ப்பு," என்று ஆரணி ஒப்புக்கொண்டார். "அதைவிட நீதியாத் தெரிவுசெய்யேலாது, அம்மா."

"பொட்டலத்தை நான்தான் எடுப்பன்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "மூண்டு ஓம் சொன்ன கையிலை எனக்கு நம்பிக்கையில்லை."

"அண்ணையே எடுக்கட்டும்," என்று பத்மாவதி உடனே சம்மதித்தார்.

விசயதசமி காலை, நால்வரும் மூன்று நூல்களும் ஓர் ஓட்டோவில் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தடித்த நூல் ஆழ்வாப்பிள்ளையின் மடியில் இருந்தது. வேறு மடியில் இடமில்லை. செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்று நல்ல கூட்டம். பூக்கடையடியில் செருப்புகளைக் கழற்றினார்கள்.

"நீங்கள் போய்க் கால் கழுவுங்கோ," என்றார் பத்மாவதி. "நான் பூவை வாங்கிக் கட்டிக்கொண்டு வாறன்."

ஆற்றங்கரை மணலில் காத்து நின்றபோது, இராசநாயகம் பையிலிருந்து தம் கையால் வரைந்த பழைய குடாநாட்டுப் படத்தை எடுத்து விரித்தார்.

"இதிலையும் ஒரு புள்ளி இருக்குமோ பிள்ளை? இந்த மணலிலையும்?"

"கட்டாயம் ஐயா. தொண்டைமானாறு எண்டு எழுதியிருக்கிற இடத்துக்குள்ளை. நாங்கள் நிக்கிற இந்த இடத்திலை."

இராசநாயகம் மணலில் முழந்தாளிட்டார். அவர் என்றோ கறுப்பு மையால் இழுத்த நீரேரியின் வாய் படத்தில் கிடந்தது. பக்கத்தில் உண்மையான நீரேரி மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த மையினுள், ஊசிமுனையிலும் நுண்ணிய ஓரிடத்தில், படமும் உலகமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திக் கிடந்தன. எவரும் பொருத்தவில்லை, பொருந்தாமல் இருக்க வழியில்லை. கோயில் மணி கேட்டது. அவர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மச்சான், சாமி உள்ளுக்கு," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

பத்மாவதி மூன்று பொட்டலங்களோடு வந்தார். ஒரே செய்தித்தாள், ஒரே கட்டுநூல், ஒரே பருமன். ஆழ்வாப்பிள்ளை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்த கண். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை.

சந்நிதி வழக்கப்படி வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருந்த பூசகர், ஒரு சொல்லும் பேசாமல் பொட்டலங்களை வாங்கி வேலின் அடியில் வைத்தார். கர்ப்பூரம் எரிந்தது. அந்த மௌனத்தின் முன்னால் இராசநாயகத்துக்குத் தம் பட்டம், பெயர்ப்பலகை, வாசிகசாலை எல்லாம் அளவிடை குறைந்து குறைந்து ஒரு புள்ளியாகிப் போயின. ஆயினும் அந்தப் புள்ளியின் நடுவே ஒரு சிறிய வேண்டுதல் இருந்தது: வெள்ளை வரட்டும் முருகா.

பூசகர் தட்டை நீட்டினார். ஆழ்வாப்பிள்ளை இடப்பக்கப் பொட்டலத்துக்குக் கையைக் கொண்டுபோனார். பிறகு வலப்பக்கத்தைத் தொட்டார். கண்ணை மூடி, மஞ்சளை நினைத்து, நடுவில் இருந்ததை எடுத்தார். கட்டுநூலை அறுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"இன்னொருக்கா எடுத்துப் பாத்தால் என்ன?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"எடுத்தவரே நீங்கள்தானே சேர்," என்றார் ஆரணி. தோற்றாலும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அண்ணை, சந்நிதியானோடையும் வழக்காடப் போறியளோ?" என்றார் பத்மாவதி. மற்ற இரு பொட்டலங்களையும் தட்டிலிருந்து எடுத்தார். "சாமிக்கு வைச்சது கால்படக் கூடாது. ஆத்திலை விட்டிட்டு வாறன்."

பொட்டலங்கள் பிரியாமலே நீரில் போயின.

மரநிழலில் அமர்ந்து இராசநாயகம் தடித்த நூலைத் திறந்தார். 'பயப்படவேண்டாம்.' அன்று அவரைச் சுட்ட அதே சொல். கர்ப்பூர மணத்தோடு வாசித்தபோது, அது நூலாசிரியர் சொன்னதாகவே தோன்றவில்லை. அடுத்த பந்தியில் ஒரு தேசப்படம் இருந்தது. படத்தை அந்தத் தேசத்திலேயே விரி என்றது நூல். விரித்த படத்துக்குள் அந்தப் படம் விரிந்த இடத்தையும் குறி. அது ஒரு சிறிய படம். அதற்குள்ளும் குறி, அது இன்னும் சிறியது. குறித்துக்கொண்டே போ. எங்கே தொடங்கினாலும் குற்றமில்லை. சுருங்கிச் சுருங்கி, எல்லாம் ஒரே புள்ளியில்தான் வந்து முடியும்.

இராசநாயகம் அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாந் தரம் தேவைப்படவில்லை. ஆடி மாதத்திலிருந்து மூடிக் கிடந்த கதவு சத்தமில்லாமல் திறந்தது; உள்ளே, படத்துக்குள் படமாக, முடிவில்லாத ஆழத்துக்குக் குடாநாடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கண் கலங்கிற்று.

"விளங்கிட்டுது, பிள்ளை," என்றார் ஆரணியிடம். "ஒரு இடத்திலையும் தெளிவாக எண்டு சொல்லேல்லை. ஆனால் தெளிவா இருக்குது."

ஆழ்வாப்பிள்ளை எட்டிப் பார்த்து, ஒருமுறை வாசித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். "உந்தாளுக்குப் படிப்பிக்கத் தெரியும்," என்றார். அவர் வாழ்நாளில் வேறோர் ஆசிரியருக்கு வழங்கிய முதலாவது சான்றிதழ் அது. "மச்சான், பக்கத்தைத் திருப்பு, நானும் பாக்க."

கைபேசி அடித்தது. சுவர்ணா ரயிலில் இருந்தாள்.

"முருகன் உன்ரையைத்தான் எடுத்துத் தந்தவர், பிள்ளை!" என்றார் இராசநாயகம். "உன்ரை மாமான்ரை கையாலை!" முதலாம் பக்கத்தை அவளுக்குச் சொல்லி முடிக்குமட்டும் பத்மாவதி பக்கத்திலேயே நின்றார், முடிந்த கணத்தில் கைபேசியை வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சாப்பாடும் மழையும் எப்போதோ முடிந்துவிட்டன, உரையாடல் முடியவில்லை.

இராசநாயகம் செருப்பை எடுக்கப் பூக்கடைக்குப் போனார். மூன்று சம வாய்ப்புகளில், வெள்ளையைக் கேட்டும், தமக்குத் தேவையான ஒன்றையே தேர்ந்து தந்த பேரருளை எண்ணி அவர் இன்னும் மலைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் செருப்புகளைக் காலால் முன்னே தள்ளிவிட்டு, தட்டில் கிடந்த வெள்ளை அலரிக்கும் மஞ்சள் அலரிக்கும் தண்ணீர் தெளித்தபடி கேட்டாள்:

"அக்கா நினைச்சு வந்த காரியம் சரிவந்திட்டுதோ ஐயா? மூண்டு நிறத்திலையும் எடுத்துக் குடுத்தனான். இந்த ரெண்டையும் திருப்பித் தந்திட்டு, மூண்டும் சிவப்பாத்தான் வேணுமெண்டு நிண்டு வாங்கினவ."

நேரம் பகல் 12.07. இதுவே நிறுவப்படவேண்டியது.